கொப்பை விடு, தம்பி

சிங்கப்பூரில் மரம் கத்தரிக்கிற கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம் என் கையில் யாரும் ரம்பத்தைக் கொடுக்கவில்லை. மேலே இருந்து வெட்டி இறக்கும் கொப்புகளை இழுத்துக்கொண்டு வந்து சிப்பர் பக்கத்தில் போடுவதுதான் வேலை. சிப்பர் என்பது லாரிக்குப் பின்னால் பூட்டி இழுத்துவரும் மெஷின். அதன் வாயில் கொப்பைக் கொடுத்தால் ரோலர்கள் கவ்வி உள்ளே இழுக்கும், உள்ளே பிளேடு பூட்டிய கனமான டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், வளைந்த குழாய் வழியாகக் கட்டைவிரல் நகம் அளவுச் சில்லுகளாக லாரிக்குள் போய்க் கொட்டும். நாலு பேர் சேர்ந்து இழுத்து வந்த தூங்குமூஞ்சிக் கிளை, நாங்கள் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் இருக்காது. முதல் நாள் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் குழுவில் மன்னார்குடி அண்ணன் ஒருவர் இருந்தார். பதினைந்து வருடம் இதே வேலை. முதல் நாள் காலையில் அவர் என்னைப் பார்த்ததும் சொன்னது, "தம்பி, கழுத்துல என்ன அது? துண்டைக் கழட்டி லாரில போடு." வெயிலுக்கும் வியர்வைக்கும் கழுத்தில் துண்டு போடாமல் வயலில் இறங்கியவன் இல்லை நான். அப்புறம் மணிக்கட்டைப் பார்த்தார். கிளம்பும்போது அம்மா குலசாமி கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. அதையும் கழற்றச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கோபப்படவில்லை. "பர்ஸுல வச்சுக்க, சாமி அங்கயும் இருக்கும். இந்த வாயில மாட்டுனா அது கயிறுன்னும் பார்க்காது, கைன்னும் பார்க்காது" என்றார். மோதிரம், செயின், மணிக்கட்டில் அகலமாக விரியும் கையுறை, பட்டன் போடாத முழுக்கைச் சட்டை, மரம் ஏறுகிறவர் இடுப்பில் கட்டும் பெல்ட், எதுவுமே சிப்பர் பக்கம் வரக்கூடாது. ஏறுகிறவரின் கயிறு கீழே கிடக்கும் கொப்புகளோடு கலந்து கிடந்தால் எங்களுக்கு வயிறு கலங்கும். கொப்போடு கயிறும் உள்ளே போனால் மேலே இருக்கிற ஆளைத்தான் இழுக்கும்.

இந்த வேலையில் எனக்குக் கஷ்டமாக இருந்தது எடையும் இல்லை, வெயிலும் இல்லை. கையில் பிடித்ததை விடுவதுதான். நான் அறந்தாங்கிப் பக்கம். எங்கள் வீட்டில் எந்த வேலையும் பாதியில் விட்டால் திட்டு விழும். நெல் மூட்டையைத் தூக்கினால் இறக்குகிற இடம் வரை தோள் விடக்கூடாது, மாட்டைப் பிடித்தால் கயிறு கையில் இருந்து நழுவக்கூடாது, கதிரடிக்கும் மெஷினில் வைக்கோல் அடைத்தால் காலால் ஒரு மிதி மிதித்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் அடுத்த கட்டு. அப்படி வளர்ந்த கைக்கு, கொப்பின் அடிப்பக்கம் ரோலரில் மாட்டிய அந்த நொடியே விட்டுவிட்டுத் திரும்பி நட என்றால் உடம்பு கேட்காது. கூடவே போய்க் கடைசி இலை வரை உள்ளே அனுப்பினால்தான் வேலை முடிந்த மாதிரி தோன்றும். அங்கேதான் ஆள் போகிறான்.

ரோலர் இழுக்கும் வேகம் மெஷினுக்கு மெஷின் மாறும். நாங்கள் வைத்திருந்தது நிமிடத்துக்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். நொடிக்கு அரை மீட்டர். நீட்டிய கையில் விரல் நுனியில் இருந்து தோள் வரை முக்கால் மீட்டர்கூட வராது. ஆக விரல் மாட்டியதில் இருந்து தோள் வரை ஒன்றரை நொடி. "ஐயோ" என்று கத்தி முடிக்கிற நேரம். புதிதாக வருகிற பையன்களிடம் நான் வேறு எந்தக் கணக்கும் சொல்வதில்லை, இதை மட்டும் சொல்லி, அவர்கள் கையை நீட்டச் சொல்லி, தோள் வரை தொட்டுக் காட்டுவேன்.

சரி, கொப்பை எப்படிக் கொடுப்பது? அடிப்பக்கம் முதலில். இலைப்பக்கம் முதலில் கொடுத்தால் விரிந்த சுள்ளிகள் வாயில் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் தள்ளத் தோன்றும். நேர் பின்னால் நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால் எங்கள் லாரி சாலையின் இடது ஓரத்தில் நிற்கும், நாங்கள் நடைபாதைப் பக்கம் நின்று கொடுத்துவிட்டு நடைபாதைப் பக்கமே திரும்பி வருவோம். சாலைப் பக்கம் திரும்பினால் சிப்பரிடம் தப்பித்தவன் பஸ்ஸிடம் மாட்டுவான். கோணலான கொப்பு, கவட்டை உள்ள கொப்பு என்றால் ரோலர் கவ்வியதும் வால் பக்கம் சாட்டை போல ஒரு வீச்சு வீசும். அப்படி வாங்கிய அடியில் ஒருவருக்குத் தாடை வீங்கி ஒரு வாரம் கஞ்சிதான். கவட்டையை முதலிலேயே வெட்டிவிட்டுக் கொடுத்தால் இந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் அதற்கு ஒரு நிமிடம் ஆகும், அந்த ஒரு நிமிடத்தைத்தான் யாரும் தர மாட்டேன் என்கிறார்கள்.

குட்டையான துண்டுகளைத் தனியாகக் கொடுக்கக் கூடாது. நீளமான கொப்பின் மேல் வைத்து அனுப்பலாம், இல்லையென்றால் கட்டையாகவே லாரியில் எறிந்துவிடலாம். கூட்டி வாரிய குப்பை மூட்டைக்குப் போக வேண்டும், சிப்பருக்கு இல்லை. அதில் கல் இருக்கும், ஆணி இருக்கும், யாரோ மரத்தில் சுற்றிய கம்பி இருக்கும். பிளேடு மழுங்குவது அப்படித்தான். பிளேடு நன்றாக இருக்கிறதா என்று லாரிக்குள் விழும் சில்லைப் பார்த்தாலே தெரியும். ஓரம் வெட்டுப்பட்டுச் சுத்தமாக இருந்தால் சரி. நார் நாராக, தூளாக, நசுங்கி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கினால் மெஷின் முக்கும், கொப்பு நின்று நின்று போகும், நிற்கிற கொப்பைப் பார்த்தால் கை தானாகத் தள்ளப் போகும். மழுங்கிய பிளேடுதான் ஆபத்து என்று மன்னார்குடி அண்ணன் சொன்னபோது எனக்குப் புரியவில்லை, கூரான பிளேடுதானே வெட்டும் என்று நினைத்தேன். புரிய ஒரு வருடம் ஆனது.

என் கையில் கொடி மாட்டிய நாளைச் சொல்ல வேண்டும்.

ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை சிங்கப்பூருக்கு சுமத்ரா பக்கத்தில் இருந்து விடியற்காலையில் ஒரு காற்று வரும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும், போகும்போது மரங்களைச் சாய்த்துவிட்டுப் போகும். அப்படி ஒரு காலையில் பெரிய தூங்குமூஞ்சிக் கிளை ஒன்று முறிந்து பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தது. 1876-ல் இங்கே கொண்டுவந்து நட்ட மர வகை அது, இன்று இந்த ஊரில் எந்தச் சாலைக்குப் போனாலும் குடை மாதிரி விரிந்து நிற்கும். சாயங்காலம் இலை மூடித் தூங்கும் நம்மூர்த் தூங்குமூஞ்சியேதான். வயதான மரங்களில் பறவைக்கூடு மாதிரி பெரணி வளரும், மணிபிளான்ட் கொடி தண்டு விரல் தடிமனுக்கு ஏறிக் கிடக்கும். போக்குவரத்து நின்றதால் ஃபோர்மேனுக்கு போன் மேல் போன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர் கத்துவது, சத்தத்துக்குக் காதை மூடியிருந்த இயர்மஃபைத் தாண்டிக் கேட்கவில்லை, ஆனால் வாய் அசைவில் தெரிந்தது.

நான் ஒரு கொப்பைக் கொடுத்தேன். மாட்டியது, விட்டேன், திரும்பினேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கொப்போடு ஒட்டி வந்த கொடி ஒன்று என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. மழையில் நனைந்த சட்டை, நனைந்த கொடி, வித்தியாசம் தோலுக்குத் தெரியவில்லை. முதலில் யாரோ செல்லமாகக் கையைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. திரும்பிப் பார்க்கிறேன், கொடி விறைத்து நேர்கோடாக நிற்கிறது, அதன் மறுமுனை ரோலருக்குள். நான் கால் ஊன்றப் பார்த்தேன், ஈரத் தாரில் செருப்பு இல்லாதவன் போல பூட்ஸ் வழுக்கியது. இரண்டு அடி போயிருப்பேன்.

மெஷின் வாயின் மேலே குறுக்காக ஒரு கம்பி இருக்கும், அதைத் தள்ளினால் ரோலர் நிற்கும், இன்னும் தள்ளினால் பின்னால் சுற்றும். பங்களாதேஷ் தோழர் ஒருவர், நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம், அந்தக் கம்பியின் பக்கத்தில்தான் நின்றார். அடித்தார். ரோலர் நின்றது, பின்னால் சுற்றி அரை மீட்டர் கொடியைக் கக்கியது. கையில் கொடி இருந்த இடம் முழுக்கத் தோல் வழன்று சிவப்பாகக் காப்புப் போட்ட மாதிரி இருந்தது. வலி அப்போது தெரியவில்லை. பாய் இன்ஜினை அணைத்தார். அணைத்த பிறகும் டிரம் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது, நிமிடக் கணக்கில், ஓசை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. நாங்கள் ஆறு பேரும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அன்றைக்கு அது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. "கைதான் இருக்கே, எழுதுனா எல்லாருக்கும் வேலை நிக்கும்" என்றார்கள். வொர்க் பெர்மிட் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் பாதி நிற்கிறது, நான் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றும் தப்பு என்றுதான் நினைக்கிறேன். எழுதியிருந்தால், கொடியைக் கொப்பில் இருந்து அறுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில், எல்லாக் குழுவுக்கும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் ஆறு பேர் மட்டும் தெரிந்துகொண்டோம்.

அதன் பிறகு கம்பெனி மாறினேன். இப்போது சிப்பர் என் பொறுப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொப்பு கொடுக்கும் முன்னால் அந்தக் கம்பியை மூன்று தடவை தள்ளிப் பார்ப்பேன், நிற்கிறதா, பின்னால் சுற்றுகிறதா என்று. ஒரு நாள் மூன்றாவது தடவை நிற்கவில்லை. மெஷினை ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன், அன்று மதியம் வரை கொப்பையெல்லாம் கையாலேயே லாரியில் ஏற்றினோம். சூப்பர்வைசர் முகம் சுளித்தார், ஆனால் ரிப்பேருக்கு ஆள் அனுப்பினார். ஒரு ஆள் கொடுக்கும்போது இன்னொரு ஆள் கம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது, போன் கிடையாது. சும்மா நிற்கிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பாய் அன்றைக்கு அப்படித்தான் சும்மா நின்றார்.

சத்தத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. இங்கே சட்டப்படி 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் எல்லை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், 100-க்குப் போனால் 15 நிமிடம்தான். மரத்தை மெல்லும் சிப்பர் சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும். மன்னார்குடி அண்ணனிடம் இப்போது போனில் பேசினால் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. காது போவது ஒரு பக்கம், கூட இருப்பவன் கத்தினால் கேட்காது என்பது இன்னொரு பக்கம். அதனால் எங்களுக்கு வார்த்தை கிடையாது, கைச் சைகைதான். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தால் நிறுத்து. தமிழ், வங்காளம், சீனம் எல்லாருக்கும் அது ஒன்றுதான்.

அடைப்பு எடுக்கும்போதும் பிளேடு மாற்றும்போதும் சாவி என் சட்டைப்பைக்குள் இருக்கும். டிரம் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்க்காமல் மூடியைத் திறக்க மாட்டேன். சுற்றும்போது திறந்தால் மூடியையே பிய்த்து எறிந்துவிடும். நின்ற பிறகும் டிரம்மில் பூட்டு ஊசியைப் போட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். கையால் ஒரு பிளேடைத் திருப்பினால் கனத்தில் டிரம் தானாக உருளும், எதிர்ப்பக்கப் பிளேடு வந்து விரலில் நிற்கும். இன்ஜின் ஓடாத மெஷினில் விரல் போனவர்கள் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது லீவு போட்டு ஊருக்குப் போனேன். தென்னந்தோப்பெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்ததை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கன்று வைத்து, மீந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு, போன வருடம் என் தம்பி டிராக்டரில் பூட்டி ஓட்டும் மட்டை அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கினான். தென்னை மட்டையைத் தூளாக்கி மரத்துக்கே மூடாக்காகப் போடலாம், நல்ல விஷயம்தான். வீடியோ காலில் பெருமையாகக் காட்டினான். கைலியை மடித்துக் கட்டியிருக்கிறான், கழுத்தில் துண்டு. டிராக்டரில் இருந்து மெஷினுக்குப் போகும் தண்டு மூடியில்லாமல் பளபளவென்று சுற்றுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, நொடிக்கு ஒன்பது. கைலி நுனி அதில் பட்டால் அவனுக்கு ஒன்றரை நொடிகூடக் கிடைக்காது. அவன் மகன், ஒன்பதாவது படிக்கிறான், மட்டையை எடுத்து எடுத்துக் கொடுக்கிறான், குட்டை மட்டையைக் காலால் தள்ளுகிறான்.

"அணைடா, முதல்ல டிராக்டரை அணை" என்று நாங்கள் தங்கும் டார்மெட்டரி முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பயந்துபோய் அணைத்தான். மெஷின் நிற்கும் வரை இருவரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். அப்புறம் போனை மெஷினைச் சுற்றிக் காட்டச் சொல்லி, நிறுத்துகிற லீவர் எங்கே என்று தேடினேன். இல்லை. டிராக்டர் சீட்டில் ஏறித்தான் நிறுத்த முடியும். தண்டுக்கு மூடி வாங்கிப் போட்டிருக்கிறான், அடுத்த வாரமே, பில்லைப் படம் எடுத்து அனுப்பினான். பையன் இப்போது மட்டை கொடுப்பதில்லை, டிராக்டர் சீட்டில் அணைக்கிற குமிழ் மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். வேலை தொடங்கும்போதெல்லாம் எனக்கு ஒரு போட்டோ வரும். கைலிக்குப் பதில் பேன்ட். துண்டு வேப்பங்கொப்பில் தொங்குகிறது.