விடுதிக்கு விளம்பரம் எழுதக் கொடுத்து நான் பட்ட பாடு

டிசம்பர் 27ஆம் திகதி பின்னேரம், கொட்டுகிற மழைக்குள் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் விடுதிக்கு வந்து இறங்கியது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு எட்டு வயது இருக்கும். கடலுக்குள் மீன் பார்க்கவென்று புதிதாக வாங்கிய கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் நெற்றியில் மாட்டிக்கொண்டே காரை விட்டு இறங்கினான். விறாந்தையில் நின்று, "அன்ரி, நாளைக்கு எத்தனை மணிக்குப் போட்?" என்று கேட்டான்.

போட் ஓடாது. மாரி தொடங்கி வாடைக்காற்று பிடித்துவிட்டால் மீன் பார்க்கப் போகும் புறாத் தீவுப் பக்கம் வள்ளம் போகாது. திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறவர்களும் படகைக் கரையேற்றிவிடுவார்கள். திருகோணமலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தகப்பனிடம் அதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து நீட்டினார். எங்கள் விடுதியின் இணையத்தளம். "டிசம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கச் சிறந்த காலம், கடல் கண்ணாடி போல் இருக்கும்" என்று எங்கள் பெயருக்குக் கீழேயே எழுதியிருந்தது. காசு கொடுத்து எழுதுவித்தவள் நான். அந்த வரியை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாசித்தேன்.

ஒரு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் மழை விட்ட நேரம் பார்த்து என் கணவர் பிள்ளைகளைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றிலும் வெந்நீர் அள்ளி ஊற்றிக் கூட்டி வந்தார். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். எனக்கு அந்தக் கண்ணாடி மாட்டிய முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். எங்களைப் போல நாலு ரூம், ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, ஒரு தையல் கடை என்று நடத்துகிறவர்கள் இதே குழிக்குள் விழக் கூடாது.

எங்கள் விடுதி உப்புவெளியில். பதிவு, பிரதேச செயலக அலைச்சல் எல்லாம் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. தெரிந்தவர்கள் சொல்லி வருகிற ஆட்களோடு ஓடிக்கொண்டிருந்தது. "இணையத்தில் கட்டுரை போட்டால்தான் ஆட்கள் தேடி வருவார்கள்" என்று பலரும் சொன்னதால், வெளியூரில் உள்ள ஒரு விளம்பர நிறுவனத்தைப் பிடித்தோம். இணையத்தளம், இருபது கட்டுரை, பேஸ்புக் பக்கம், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. பாதியை முற்பணமாகக் கட்டினோம். ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டோம் என்று செய்தி வந்தது. சீசன் நேரம், நான் சமையலும் படுக்கை விரிப்புமாக நின்றேன். படங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு மிச்சக் காசையும் கட்டிவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

அந்த டிசம்பர் இரவு இருபது கட்டுரையையும் உட்கார்ந்து வாசித்தேன். "அதிவேகப் பாதையில் இருந்து இறங்கினால் இருபது நிமிடத்தில் எங்கள் விடுதி" என்று ஒன்றில் இருந்தது. திருகோணமலைக்கு அதிவேகப் பாதையே கிடையாது. கந்தளாய்ப் பக்கத்தால் வருகிறவர்கள் இரவில் யானை மறிக்குமே என்று பயந்து பயந்து வருகிறார்கள். இன்னொன்றில் கோணேசர் கோவில் ஒல்லாந்தர் கட்டியது என்று போட்டிருந்தார்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பதிகம் பாடிய தலம் அது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். என் அப்பா இருந்து இதை வாசித்திருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஒரு பந்தியை அப்படியே எடுத்துத் தேடலில் போட்டுப் பார்த்தேன். தென்பகுதியில் உள்ள ஒரு ஹோட்டலின் பக்கம் வந்து நின்றது. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எங்களுக்கு ஒட்டியிருக்கிறார்கள். தெற்கில் மிரிசப் பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் திமிங்கிலக் காலம், அது உண்மைதான். எங்களுக்கு அது நேர் எதிர். இங்கே மே முதல் ஆகஸ்ட் வரைதான் திமிங்கிலம். அவர்கள் எழுதியது வேறு கடலுக்கு.

யாருக்காவது எழுதக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே ஒரு பந்தியை வெட்டித் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

பிழைகளைத் திருத்தச் சொல்லிப் போன் எடுத்தேன். ஒரு கிழமை பதில் இல்லை. பிறகு, திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். நானே திருத்துகிறேன், உள்ளே போகும் கடவுச்சொல்லைத் தாருங்கள் என்றேன். அதுவும் இல்லை. விசாரித்தால் இணையத்தள முகவரியையே தங்கள் பெயரில்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். பேஸ்புக் பக்கத்தின் முழு அதிகாரமும் அவர்களிடம். என் கடையின் பெயர்ப் பலகை வேறு ஒருவர் வீட்டில் கிடந்த மாதிரி. நேரில் கேட்போம் என்று இரவு ரயிலேறிப் போனேன். கொடுத்த முகவரியில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர், "அவர்கள் கிழமையில் இரண்டு நாள்தான் வருவார்கள்" என்றார். வாசல் படியில் மத்தியானம் வரை இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

கடைசியில் காப்பாற்றியது ஒரு வட்ஸ்அப் செய்தி. வேலை தொடங்கும்போது, "இணையத்தள முகவரி எங்கள் பெயரில்தானே பதிவீர்கள்?" என்று கேட்டிருந்தேன். "ஓம் அக்கா, உங்கள் பெயரில்தான்" என்று பதில் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தியின் படம், வங்கிப் பற்றுச்சீட்டு, எங்கள் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் பிரதி மூன்றையும் சேர்த்து ஒரு கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்து கிழமை இழுத்தடித்து, பிறகு எல்லாவற்றையும் மாற்றித் தந்தார்கள். வாயால் பேசியதை எல்லாம் அன்றைக்கே ஒரு செய்தியாகத் தட்டி, அவர்களிடம் "ஓம்" வாங்கி வையுங்கள். முகவரியும் பேஸ்புக் பக்கமும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்கிறதா என்று காசு கட்ட முதல் பாருங்கள்.

சரி, இணையத்தளம் கைக்கு வந்தது. இனி என்ன எழுதுவது? இருபது கட்டுரையையும் அழித்துவிட்டு வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "இயற்கை எழில் கொஞ்சும்" என்று தொடங்குவதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வவுனியாவில் இருந்து ஒரு அம்மா. "மகள், எனக்கு முழங்கால் வருத்தம். உங்கட ரூமுக்குப் படி ஏற வேணுமோ?" என்று கேட்டார். பதில் சொல்லிவிட்டு வைத்தபோதுதான் புரிந்தது. இதே கேள்விக்கு அந்த மாதத்தில் மட்டும் நான் எத்தனை தரம் பதில் சொல்லியிருப்பேன்? இருபது கட்டுரையில் ஒன்றிலாவது அது இருந்ததா?

அன்றைக்கே ஒரு சீ.ஆர். கொப்பியை வாங்கிப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்று கிழமை, யார் என்ன கேட்டாலும் அவர்களுடைய வாய் வார்த்தையிலேயே எழுதினேன். "வான் நிப்பாட்ட இடம் இருக்கோ?" "கோவிலுக்கு வாறம், தனிச் சைவச் சமையலோ?" "மத்தியானம் கோவில் திறந்திருக்குமோ?" "புறாத் தீவுக்கு டிக்கெட் நீங்க எடுத்துத் தருவீங்களோ?" "எந்த மாதம் கடல் நல்லம்?" கடைசிக் கேள்விதான் ஆகக் கூடுதல். அதைத்தான் முதல் கட்டுரையாக எடுத்தேன்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் நம்பாமல், எங்களுக்குப் படகு ஓட்டும் தம்பியிடம் போய்க் கேட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "சித்திரை வருசம் கழிஞ்சால் கடல் பேசாமல் கிடக்கும் அக்கா. ஐப்பசி பிறந்தால் நான் போட்டைக் கரையில ஏத்திப்போடுவன்" என்றார். அந்த இரண்டு வரியையும் அப்படியே கட்டுரையின் தலையில் போட்டேன். கீழே மாதக் கணக்கு. எப்போது புறாத் தீவுக்குப் போகலாம், நிலாவெளிக் கரையில் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்கும் இடம் எங்கே, 2003இல் இருந்து அது தேசியப் பூங்கா என்பதால் பவளப் பாறையில் கால் வைக்கவோ உடைத்து எடுக்கவோ கூடாது என்பது. கடைசியில், நவம்பர், டிசம்பரில் வருகிறவர்கள் கடலை நம்பி வர வேண்டாம், கோவிலையும் கன்னியாவையும் நம்பி வாருங்கள் என்று எழுதினேன். "ஏன் வாற ஆட்களை நீயே வேண்டாம் என்கிறாய்?" என்று கணவர் கேட்டார். அந்தப் பிள்ளையின் முகத்தை ஞாபகப்படுத்தினேன். பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எழுதியது கையெழுத்தில். தட்டச்சுக்கு டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே அடுத்த வில்லங்கம். அழகாக அடித்து பென் டிரைவில் தந்தார்கள். வீட்டுக்கு வந்து இணையத்தளத்தில் ஒட்டினால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அடைப்புக்குறியுமாக என்னவோ நிற்கிறது. திரும்பப் போனேன். அவர்களுடைய திரையில் சரியாகத்தான் தெரிந்தது. இரண்டாம் தரமும் அதே கதை. கடைசியில் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பெறாமகள் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது பாமினி. யூனிகோட் இல்லை" என்றாள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தை ஒட்டிய பழைய எழுத்துரு. யூனிகோட் என்பது எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் முறை. கலியாண அட்டைக்கும் நோட்டீசுக்கும் பாமினி போதும். அச்சில் வந்தால் எழுத்து எழுத்துதான். இணையத்தில் பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் குப்பை, தேடலிலும் அகப்படாது. மாற்றித் தரும் கருவி இணையத்திலேயே இலவசமாக இருக்கிறது, ஆனால் மாற்றிய பிறகு கொம்பும் காலும் இடம் மாறி நிற்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். எனக்கு "கோணேசர்" மூன்று இடத்தில் உடைந்திருந்தது. இப்போது போனிலேயே குரலால் சொல்லி எழுதிவிட்டுத் திருத்துகிறேன். கடைக்கு அலையும் வேலை இல்லை.

சிலர் கட்டுரையைப் படமாக்கிப் போடுகிறார்கள். பூவும் கோலமுமாக வடிவாகத்தான் இருக்கும். படத்துக்குள் உள்ள எழுத்து தேடலில் அகப்படும் என்று நம்பி இருக்க முடியாது. விலையையும் போன் இலக்கத்தையும் எழுத்தாகவே போடுங்கள்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பழைய நிறுவனம் போட்டது ஏதோ தீவில் கடலுக்கு மேல் கட்டிய குடிசைகள். அவற்றை எடுத்துவிட்டு என் போனால் எடுத்தவற்றைப் போட்டேன். எங்கள் கரை கிழக்குப் பார்த்தது, காலை ஆறரைக்கு எடுத்தால் வெளிச்சம் தானாக அமையும். ஒன்றே ஒன்று: கீழ் ரூமின் வாசல் நிலத்தோடு நிலமாக இருப்பதைத் தெரியும்படி எடுத்துப் போட்டேன். வவுனியா அம்மாவுக்காக.

பேஸ்புக்கில் நான் போட்டதில் ஆகக் கூடுதலாகப் பகிர்ந்தது கோட்டைக்குள் நிற்கும் மான்களின் படத்தை. நூற்றுக்கணக்கில் லைக். அந்தக் கிழமை ஒரு ரூம் கூட அதனால் போகவில்லை. அதைக் காசு கட்டிப் பூஸ்ட் வேறு செய்தேன், அந்தக் காசும் போனதுதான். அதற்குப் பிறகு போன் எடுக்கிற ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்டு அதே கொப்பியில் குறிக்கிறேன். கடல் மாதங்கள் பற்றிய கட்டுரையும், சைவச் சமையல் பற்றி எழுதிய சின்னக் குறிப்பும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சொல் விஷயத்திலும் ஒரு பாடம். பழையவர்கள் எங்களை "விருந்தினர் இல்லம்" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் யார் அப்படிச் சொல்கிறார்? கூகுளின் தேடல் கன்சோலில் எந்தச் சொல்லைத் தேடி எங்களிடம் வருகிறார்கள் என்று இலவசமாகப் பார்க்கலாம். "ரூம்" என்றும் "தங்க இடம்" என்றும்தான் வருகிறது. ஊர்ப் பெயரையே "திருகோணமலை" என்று சிலர், "திருக்கோணமலை" என்று சிலர், "ட்ரிங்கோ" என்று சிலர். மூன்றையும் கட்டுரைக்குள் இயல்பாக வரும் இடத்தில் எழுதிவிட்டேன்.

இப்போது ஏழு கட்டுரை இருக்கிறது. இருபது இல்லை. மாதத்துக்கு ஒன்றுதான் முடிகிறது, சீசனில் அதுவும் இல்லை. சிங்களத்தில் ஒன்றும் இன்னும் போடவில்லை. அதற்கு இந்த ஊரிலேயே, இந்தக் கடலைத் தெரிந்த ஒருவரைத்தான் பிடிக்க வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

போன கிழமை இரவு டொரன்டோவில் இருந்து ஒரு ஐயா போன் எடுத்தார். கடல் எப்படி, படி இருக்குமா, சைவமா என்று எதுவும் கேட்கவில்லை. "ஆவணி முதல் கிழமை, கீழ் ரூம் ரெண்டும் வேணும் பிள்ளை. மத்தியானம் கோவில் பூட்டு எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதால காலமைக்கே ஓட்டோ சொல்லி வையுங்கோ" என்றார். கொப்பியில் திகதியைக் குறித்துக்கொண்டு, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, படகுக்காரத் தம்பி சொன்ன அந்த ஐப்பசி வரியை எனக்கு வாசித்துக் காட்டினார்.