வலது ஹெட்லைட்டும் வழுக்கி விழும் ஈயமும்

இடது பக்கம் முடிந்துவிட்டது. வலது பக்கம் நேற்று இரவு மூன்றாவது முறையாகத் தரையில் விழுந்தது. ஹெட்லைட் விழவில்லை, அதன் வளையத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் நான் பூசிய ஈயம் விழுந்தது. காலணியில் ஒரு துளி பட்டுத் தோலைப் பொசுக்கியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி பழையதுதான்: 1950 ஃபோர்டு, இரண்டு கதவு. போன வருடம் கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி ஓட்டைகளை அடைத்தேன், பானெட் முனையில் இருந்த சின்னத்தை எடுத்தேன். இந்த வருடம் ஹெட்லைட். குரோம் வளையத்தை எறிந்துவிட்டு, இரும்பு வளையத்தை மட்கார்டோடு பற்றவைத்து, விளக்கு உடம்புக்குள்ளிருந்து முளைத்ததுபோல் இணைப்பை ஈயம் பூசி மறைக்க வேண்டும். 7 அங்குல விளக்கை இனிப் பின்பக்கமிருந்துதான் கழற்ற முடியும். அந்த ஏற்பாட்டை வளையத்தைப் பற்றவைப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டாம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், சலைனா நகருக்கு மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு தானியக் கிடங்கு, ஒரு மருத்துவமனை, இரண்டு பெட்ரோல் நிலையங்கள். மருத்துவமனை என்னை இங்கே கொண்டுவந்தது. மூடிக் கிடந்த மூன்றாவது பெட்ரோல் நிலையம் என்னை இங்கேயே இருக்க வைத்துவிட்டது. கார் சங்கம் அங்கேதான் வியாழக்கிழமைதோறும் கூடுகிறது. உறுப்பினர்கள் 14 பேர். அவர்களில் 9 பேருக்கு மருந்துச் சீட்டு எழுதுபவன் நானே என்பதால் எனக்குச் சலுகை கிடைக்கும் என்று நினைத்தால் அது தவறு. 1963க்குப் பிறகு வந்த எந்தப் பாகமும் கண்ணில் படக்கூடாது. சொந்தக் கையால் முடித்த வண்டியைச் சொந்தமாக ஓட்டி வந்து நிறுத்தும்வரை சங்கத்தின் பட்டயம் கிடைக்காது. அலுமினியத்தில் வார்த்த அந்தப் பலகையைப் பின் பம்பருக்குக் கீழே சங்கிலியில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். மூன்று வருடமாக என் பம்பரின் கீழ் காற்றுதான் தொங்குகிறது.

ஏன் ஈயம், பட்டி பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பட்டி பூசி ஒரே வாரத்தில் வேலையை முடித்த ஒருவர், என் தரையில் உறைந்து கிடந்த ஈயத்தைக் காலால் தள்ளிவிட்டுச் சிரித்தார். ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். இங்கே பித்தளைகூட இல்லை, வெறும் பட்டி. கார்களை உருமாற்றிப் பேர் வாங்கிய பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறை 1952இல் ஹிரோஹாட்டா என்ற வாடிக்கையாளருக்காக அந்தப் புகழ்பெற்ற 1951 மெர்க்குரி காரை வெட்டி இழைத்தபோது கையில் இருந்தது ஈயம்தான். இந்த வகை வண்டிகளுக்கு ‘லெட் ஸ்லெட்’ என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஈயச் சறுக்குவண்டி என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு கலந்த கட்டி இது. 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், 255 தொட்டால்தான் முழுக்க நீராகும். இடையில் உள்ள எழுபது டிகிரிதான் நம் சொத்து. அந்த இடைவெளியில் அது வெண்ணெய்ப் பதத்தில் நிற்கும், மரக் கரண்டியால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மின்கம்பி பற்றவைக்கிறவர்கள் பயன்படுத்தும், வெள்ளீயம் 60 காரீயம் 40 கலந்த கட்டி அலமாரியில் இருக்கிறதே, ஈயம் ஈயம்தானே என்று அதை எடுத்தேன். அது 183இல் இளகி 190இல் தண்ணீராகிவிடும். பதம் என்ற ஒன்றே அதற்குக் கிடையாது. முதல் முறை விழுந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

இரண்டாவது முறை சரியான கட்டி, சரியான பதம். பூசி, அரத்தால் இழைத்து, பிரைமரும் அடித்து, கைபேசியில் படம் எடுத்து மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். மூன்றாம் வாரம் இணைப்பின் ஓரமாகப் பிரைமர் அரிசி அரிசியாகக் கொப்பளித்தது. கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைத் துரு. பூசுவதற்கு முன் தடவும் களிம்பில் அமிலம் இருக்கிறது. சமையல் சோடா கரைத்த வெந்நீரால் அதை முறித்துக் கழுவ வேண்டும். கழுவினேன், ஆனால் என் வெல்டிங்கில் இருந்த ஊசித் துளைகளுக்குள் அது ஒளிந்துகொண்டது. எல்லாவற்றையும் உருக்கி இறக்கி, துளைகளைத் தோண்டி மறுபடி பற்றவைத்து, அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டி ஒரு நூல் ஆழம் தாழ்த்தினேன்.

அந்தக் களிம்பு தடவும் கட்டம் மட்டும் எனக்கு ஒருபோதும் அலுக்காது. தகடு வெள்ளி மாதிரி மின்னும்வரை தேய்த்து, களிம்பைத் தடவி, சுடரை லேசாகக் காட்டி, பழுப்பு நிறமாகிக் குமிழியிடும் நொடியில் பருத்தித் துணியால் ஒரே வீச்சில் துடைத்தால் இரும்பு வெள்ளையாகிவிடும். மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். வாசலில் குழி தோண்டித் துருத்தி வைத்து, பித்தளை அண்டாவைக் கவிழ்த்துச் சூடேற்றி, நிமிர்த்தி நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். புகைக்குள் கையை விட்டுப் பஞ்சால் ஒரு சுழற்று. அண்டாவின் உட்புறம் நிலா மாதிரி ஆகிவிடும். அவருடைய துடைப்பும் என்னுடைய துடைப்பும் ஒன்றே என்பதை இங்கே சங்கத்தில் விளக்க முயன்றேன். ரசத்துக்கு ஈயச் சொம்பு என்றதும், ஒரு மருத்துவர் ஈயத்தில் சூப் குடிப்பதா என்று பதறினார்கள். அது வெள்ளீயம், இது காரீயம் என்பதை, இரண்டையும் ஈயம் என்றே அழைக்கும் மொழியில் வளர்ந்தவன் ஆங்கிலத்தில் விளக்குவது எளிதல்ல.

பதற்றத்திலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கலவையை இழைக்க அரம் மட்டுமே. சாண்டர் என்ற தேய்ப்பு எந்திரத்தைத் தொட்டால் தூசி நுரையீரலுக்குப் போகும். முகமூடி, தனி உடுப்பு, வேலை முடியும்வரை காபி கூடக் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை நல்லபடி.

மரக் கரண்டி பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. மேப்பிள் மரம், உள்ளங்கை அகலம். சும்மா பயன்படுத்தினால் ஈயம் ஒட்டிக்கொள்ளும். பழைய ஆட்கள் எஞ்சின் எண்ணெயில் தோய்ப்பார்கள். பிறகு பெயின்ட் பிடிக்காமல் போகும். நான் தேன்மெழுகு பயன்படுத்துகிறேன். பக்கத்துப் பண்ணையில் தேனீ வளர்ப்பவர் கிலோக் கணக்கில் கொடுக்கிறார், பதிலுக்குத் தன் முழங்கால் வலி பற்றி அரை மணி நேரம் பேசுகிறார். மெழுகு தோய்த்த கரண்டி ஈயத்தின் மீது வழுக்கும்போது கேக் வேகும் வாசம் வரும். நிற்க.

மூன்றாவது முறை ஏன் விழுந்தது? வளையத்தின் மேல் பாதி தகராறு செய்யவில்லை. கீழ்ப் பாதி உள்நோக்கி மடிந்து தரையைப் பார்க்கிறது. அங்கே பூசுவது கூரையில் சட்னி தடவுவது போல. கட்டியின் முனையைச் சூடான தகட்டில் அழுத்தித் திருகிக் குமிழ் குமிழாக ஒட்டவைத்து, சுடரை ஆட்டிக்கொண்டே கரண்டியால் மேலே தள்ள வேண்டும். இடது பக்கம் அப்படித்தான் நான்கு இரவுகளில் முடித்தேன். வலது பக்கம் ஒரு நொடி சுடர் நின்றுவிட்டது, மொத்தமும் தொப்பென்று இறங்கியது.

இடையில் எஞ்சின் வேறு. இதில் இருக்கும் 239 கன அங்குல ஃபிளாட்ஹெட், அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்த பழைய வகை எஞ்சின், சூடேறுகிறது. அதற்குப் பதிலாக மெர்க்குரியின் 255 கன அங்குல எஞ்சின், அதன் 4 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க், மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள் என்று கனவு. மார்ச் மாதம் உதிரிபாகச் சந்தையில் ஒருவர் விரிசலே இல்லை என்று சத்தியம் செய்து 250 டாலருக்கு ஒரு பிளாக்கை விற்றார். காந்தச் சோதனையில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே முடி போல ஒரு கோடு தெரிந்தது. ஃபிளாட்ஹெட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். டார்ச் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு வாங்கினேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த பிளாக்கின் மேல் இப்போது பூனை தூங்குகிறது.

நேற்று ஈயம் விழுந்தபோது சங்கத்தின் மூத்தவர் என் கொட்டகையில்தான் இருந்தார். 81 வயது, வாழ்நாள் முழுக்க டிங்கரிங். மூன்று மாதமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர். நேற்று எழுந்து வந்து, விழுந்த ஈயத்தைக் குனிந்து பார்த்தார்.

“டாக்டர், இந்த மட்கார்டு போல்ட்டில்தானே நிற்கிறது?”

“ஆமாம்.”

“கழற்றித் தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தால் கீழ்ப் பாதி மேல் பாதி ஆகிவிடுமே.”

எனக்குப் பேச்சே வரவில்லை. இதை ஏன் பிப்ரவரியில் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ கேட்கவில்லை” என்றார். கதவைத் தாண்டும்போது, கூரையை வெட்டித் தாழ்த்தப்போகிறாயாமே, கூரைத் தூணைக் கழற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன். “மூன்று மாதமாக ஒற்றைக் கண்ணோடு நிற்கிறது. முதல் நாளே என்னைக் கேட்டிருக்கலாம். அடி பிடித்த பாத்திரத்தைக் கவிழ்த்துத்தானே தேய்க்கிறோம்?” என்றாள். அவளுக்கும் பதில் சொல்லவில்லை.

இடது பக்கத்தை வண்டியில் வைத்தே முடித்தவன் வலது பக்கத்தைக் கழற்றுவதா என்று காலைவரை வீம்பு பிடித்தேன். ஜூலையில் சலைனா கண்காட்சி, அதற்குள் பெயின்ட் வேண்டும். வீம்பை விட்டுக் கழற்ற உட்கார்ந்தேன். கதவுக் கீலுக்கு அருகே இருந்த இரண்டு போல்ட்டுகள் துருவில் முறிந்துவிட்டன. மூன்றாவதற்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்திருக்கிறேன். நாளை சாயங்காலம் பார்க்க வேண்டும்.