இபிசாவின் பல்லிகள்: சில நாட்குறிப்புகள்

மே 9, 2025, வெள்ளி

ஸ்பெயினைச் சேர்ந்த இபிசாத் தீவின் வடகிழக்கில், பழைய கல்வேலி ஓரமாகக் காலை முழுக்க நடந்தேன். நல்ல வெயில். சர்கந்தனா என்று இங்கே சொல்லும் சுவர்ப்பல்லிகள் கல்லுக்குக் கல் படுத்திருக்க வேண்டிய நேரம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. போன வாரம் பக்கத்துத் தீவான ஃபோர்மென்தேராவில் ரொட்டித் துணுக்குக்காக மேசைக்கே வந்தன. பச்சை முதுகு, வயிற்றோரம் நீலப் புள்ளிகள். இவ்விரு தீவுகளும் சுற்றியுள்ள திட்டுகளும்தான் இவற்றின் பூர்வீகம். திட்டுக்குத் திட்டு நிறம் மாறும். பூச்சி பிடிப்பதோடு பூக்களில் தேன் குடித்து மகரந்தமும் சுமக்கும், பழம் தின்று விதையும் பரப்பும்.

மே 12, திங்கள்

பாம்புப் பொறியை இன்று கிட்டத்தில் பார்த்தேன். மரப்பெட்டிக்குள் கம்பிவலைத் தடுப்பு. அதற்குப் பின்னால் உயிரோடு ஓர் எலி. தின்னத் தானியம், குடிக்கத் தண்ணீர். எலி வாசனைக்குப் பாம்பு உள்ளே நுழைந்தால் கதவு திரும்பத் திறக்காது. எலிக்கு ஒன்றும் ஆகாது. சிக்கியிருந்தது நீளமான பாம்பு, தலையில் லாட வடிவக் கோடு. மனிதருக்கு ஆபத்தில்லை. ஆனால் இங்கே அதன் இரையில் பாதிக்கு மேல் பல்லிதான்.

மே 17, சனி

இபிசா மண்ணில் பாம்பு தங்காது என்று பழங்கால ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தார். அந்த மண்ணுக்கு 2003 வாக்கில் பாம்பு வந்தது, ஸ்பெயின் பெருநிலத்திலிருந்து லாரியில் ஏற்றிவந்த முதிய ஒலிவ மரங்களின் பொந்துகளுக்குள். எல்லாம் மாளிகைத் தோட்டங்களின் அழகுக்காக! எனக்குப் பாம்பின் மேல் கோபமே வரவில்லை. பொந்து நிறைந்த மரத்தைச் சோதிக்காமல் கப்பலேற்றி விற்றவர்கள் மேல்தான் வருகிறது. 2018க்குள் தீவில் ஏறக்குறைய பாதியைப் பாம்பு பிடித்துவிட்டது. 2010க்குப் பிறகு பல்லிகள் குறைந்தது பாதியாவது அழிந்திருக்கும் என்று 2024ல், உலக அளவில் அழிவு அபாயத்தைக் கணிக்கும் சிவப்புப் பட்டியல் இந்த இனத்தை ‘அழியும் அபாயத்தில்’ சேர்த்தது.

கடைகளில் மட்டும் சாவிக்கொத்து, சட்டை, குவளை என எங்கும் பல்லிப் படம். பார்க்கவே வயிறு எரிகிறது.

மே 18, ஞாயிறு

பாம்பு கடலிலும் நீந்துகிறது. அதனால் திட்டுகளுக்கும் நிம்மதியில்லை. ஒரு திட்டின் பல்லிக்கூட்டம் போனால் அந்த நிறமே போய்விடும். வேறெங்கிருந்தும் கொண்டுவந்து விட முடியாது. அடுத்த வாரம் சில பொறிகளைக் கரையோரம் மாற்றுகிறார்களாம். பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றார்கள். சரி, வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.