பூசி மறைத்த இடம்: எடின்பரோ குறிப்புகள்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை. ஸ்காட்லாந்து எழுத்தாளர் இர்வின் வெல்ஷின் ‘மாரபூ ஸ்டார்க் நைட்மேர்ஸ்’ (1995) நாவலைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனதுதான் தப்பு.

கதை சொல்லும் ராய் ஸ்ட்ராங் எடின்பரோ ஆஸ்பத்திரி ஒன்றில் கோமாவில் கிடக்கிறான். நர்ஸ்கள் பேசுவது, வீட்டார் வந்து பேசுவது எல்லாம் அவன் காதில் விழுகிறது. ஆனால் மேலே வர அவனுக்கு மனமில்லை. அடியாழத்தில் அவனுக்கென்று ஓர் ஆப்பிரிக்கா இருக்கிறது. அங்கே அவன் துப்பாக்கி ஏந்திய வெள்ளைத்துரை, மாரபூ என்ற பெருநாரையை வேட்டையாடப் போகிறவன். நினைவு மேலே வரவர, அச்செழுத்துகளும் பக்கத்தில் படியேறுகின்றன. ஆப்பிரிக்காவில் இருக்கும்வரை அவன் பேசுவது பழைய சாகசக் கதைப் புத்தகங்களின் துரைமார் ஆங்கிலம். எடின்பரோவின் புறநகர்க் குடியிருப்புக்குத் திரும்பியதும் தெருப் பேச்சு. எங்கள் வீட்டுப் பேச்சுக்கும் வானொலிச் செய்திக்கும் இருந்த தூரம் நினைவுக்கு வந்தது.

வார்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்போம். நினைவில்லாதவரிடமும் “இப்ப வலது பக்கமா திருப்பப் போறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். பதினோரு வருடப் பழக்கம். நேற்று அதைச் சொல்லும்போது, உள்ளே இருந்து யாரோ கேட்கிறார்கள் என்ற எண்ணம் முதல்முறையாக வந்தது.

ஜனவரி 15, புதன்

இன்று என்ன நாள் என்று வாரக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். 1778-இல் இதே ஜனவரி 15 அன்று, செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள பார்லிமென்ட் ஹவுஸில், ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமை முறையை ஏற்காது என்று அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் தீர்ப்புச் சொன்னது. வழக்கில் வென்றவர் ஜோசப் நைட். ஜமைக்காவில் சிறுவனாக விலைக்கு வாங்கப்பட்டு, பெர்த்ஷயரில் ஜான் வெடர்பர்னின் பாலிண்டீன் மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டவர். அதே வீட்டு வேலைக்காரி ஆனி தாம்சனை மணந்தார். சம்பளம் கேட்டார், கிடைக்கவில்லை.

நீதிமன்ற முற்றத்தில் கால் மணி நேரம் நின்றேன். சரியான குளிர். அங்கிருந்து செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்துக்கு நடந்தேன். அங்கே வானளாவிய தூணின் உச்சியில் ஹென்றி டண்டஸ் நிற்கிறார். நைட்டுக்காக இதே ஊரில் வாதாடிய வக்கீல்களில் அவரும் ஒருவர். 1792-இல் நாடாளுமன்றத்தில் அடிமை வணிக ஒழிப்புத் தீர்மானத்தில் “படிப்படியாக” என்ற ஒரே சொல்லைச் செருகியவரும் அவரே. வணிகத்தைத் தடை செய்ய 1807 ஆகிவிட்டது.

ஜனவரி 19, ஞாயிறு

ஜேம்ஸ் ராபர்ட்சனின் ‘ஜோசப் நைட்’ (2003) நாவலை மறுபடி எடுத்தேன். 1802. கிழவராகிவிட்ட வெடர்பர்ன், நைட் எங்கே போனான் என்று கண்டுபிடிக்க ஜேமிசன் என்பவரை அமர்த்துகிறார். வழக்கில் தோற்று இருபத்து நான்கு வருடம் கழித்தும் விட மனமில்லை! வீட்டில் ஒரு பழைய ஓவியம். ஜமைக்காத் திண்ணையில் வெடர்பர்ன் சகோதரர்கள். அதில் ஓர் இடத்தில் வண்ணம் கெட்டியாக இருக்கிறது. அங்கே இருந்த கறுப்புச் சிறுவனைப் பூசி மறைத்திருக்கிறார்கள். ‘பூசி மெழுகுவது’ என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை இவர்கள் தூரிகை பிடித்தே செய்திருக்கிறார்கள்.

நாவலும் நைட்டைக் கடைசிவரை வெளியே விடுவதில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் வெடர்பர்ன் பேசுகிறார், வக்கீல்கள் பேசுகிறார்கள், நாட்குறிப்புகள் பேசுகின்றன. இறுதியில்தான் ஃபைஃப் சுரங்கத் தொழிலாளிகள் நடுவே அவரைப் பார்க்கிறோம். அந்தத் தொழிலாளிகளும் 1799 வரை சட்டப்படி முதலாளிக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள். முதல் வாசிப்பில் இந்தத் தாமதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் சரி என்று படுகிறது.

ஜனவரி 22, புதன்

இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்ததால் ஒன்று பிடிபட்டது. வெடர்பர்ன் சும்மா ஜமைக்கா போகவில்லை. 1746-இல் கலோடன் போரில் அரசுப் படையை எதிர்த்துத் தோற்ற பக்கம் நின்றவர். அப்பாவை லண்டனில் தூக்கிலிட்டார்கள். பறிகொடுத்த சொத்தை மீட்கத்தான் கரும்புத் தோட்டம், அடிமைகள். ராயும் அப்படியே. ஜோஹன்னஸ்பர்க்கில் நிறவெறி பிடித்த மாமா ஒருவரிடம் சிறுவயதில் சீரழிந்தவன். ஊர் திரும்பியபின், கூட்டாளிகளோடு சேர்ந்து கிர்ஸ்டி என்ற பெண்ணை என்ன செய்தான் என்பதை மறைக்கத்தான் அந்த நாரை வேட்டைக் கதை முழுவதும்.

இருவருக்கும் பட்ட காயம் உண்மை. அந்தக் காயத்தைக் காட்டியே இருவரும் அடுத்தவர் உடம்பின் மேல் உரிமை எடுத்துக்கொள்கிறார்கள். “எங்களையும் ஆங்கிலேயர்கள் அடிமைப்படுத்தினார்கள்” என்று இங்கே எத்தனையோ ஸ்காட்லாந்துக்காரர்கள் என்னிடம் அன்போடு சொல்லியிருக்கிறார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். இனி ஆட்ட முடியாது.

நாவலில் ராயை விரட்டுவது ‘இசட்’ எழுத்துப் போட்ட சுவரொட்டிகள். அது நிஜமாகவே 1992-இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக எடின்பரோ நகராட்சி தொடங்கிய ‘ஜீரோ டாலரன்ஸ்’ பிரசாரம். எந்த ஆணுக்கும் உரிமை இல்லை என்று நகரமெங்கும் ஒட்டினார்கள். அதை ஊரே பார்த்ததாக இங்குள்ள மூத்த சிஸ்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

அலஸ்டர் கிரேயின் ‘புவர் திங்ஸ்’ (1992). நாவலின் நாயகி பெல்லாவை ஏமாற்ற நினைத்துத் தானே சிதைந்துபோகும் வக்கீலின் பெயரும் வெடர்பர்ன்! பெல்லாவைத் தன் உடைமை என்று கேட்டு வரும் முதல் கணவர், பேரரசின் போர்களில் பெயரெடுத்த ஜெனரல். அலெக்சாந்திரியாவில் பிச்சை எடுக்கும் குழந்தைகளைக் கண்டு அவள் எழுதும் கடிதத்தைக் கிரே கையெழுத்தாகவே அச்சிட்டிருக்கிறார். சொற்கள் சிதைந்த கிறுக்கல், மைத்தீற்றல். பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

அவளை இரண்டாவதாக மணந்த கணவன் எழுதிய இந்தக் கதை முழுக்கப் பொய் என்று அவள் எழுதும் மறுப்பு கடைசியில் வருகிறது. பதிப்பாசிரியர் வேடத்தில் வரும் கிரே அதை முன்னுரையாகப் போட மறுத்துப் பின்னுக்குத் தள்ளி, கணவனையே நம்புவதாகச் சொல்கிறார். நைட்டும் கடைசியில், இவளும் கடைசியில். 2023-இல் வந்த படத்தில் நாவலின் களமான கிளாஸ்கோவும் இல்லை, அந்த மறுப்பும் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு.

பிப்ரவரி 1, சனி

பஸ் பிடித்து இன்வரெஸ்க் போனேன். ஜான் வெடர்பர்னின் தம்பி ஜேம்ஸ் வாழ்ந்த ஊர். ஜமைக்காவில் ரோசன்னா என்ற அடிமைப் பெண்ணுக்குப் பிள்ளை கொடுத்துவிட்டு, ஐந்து மாதக் கர்ப்பிணியாக அவளை விற்றவர். அந்தப் பிள்ளை ராபர்ட் வெடர்பர்ன் பின்னாளில் அப்பாவைத் தேடி இங்கே வந்தார். அப்பா ஏற்கவில்லை. சமையற்காரி கொஞ்சம் நீர்த்த பீர் கொடுத்தாள். வேலையாள் ஒரு விரிசல் விட்ட ஆறு பென்ஸ் நாணயம் கொடுத்தான். இதைத் துப்பறிவாளர் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1824-இல் ராபர்ட்டே புத்தகமாக எழுதி வைத்தார்.

உயரமான கல் மதில். அதை ஒட்டி நடந்துகொண்டே இருந்தேன். அந்த நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எந்தப் பக்கம் நடந்திருப்பார், கடற்கரைப் பக்கமா, எடின்பரோ சாலையிலா? மழை பிடித்துக்கொண்டது. நான் எடின்பரோ சாலையில் பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.