பின்சீட்டில் அம்மா

வத்திராயிருப்பில் மாமா வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது அம்மாவைக் கூட்டிப் போவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் வரை போய் மேற்கே திரும்பினால் எதிரே மலை நிற்கும். அங்கிருந்து ஊர் வரைக்கும் எத்தனை வேகத்தடை, எந்தப் பாலத்து முனையில் பள்ளம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஆடியில் போய் இறங்கியபோது அம்மா உடனே நகரவில்லை. வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லப்பா. இடுப்பு பிடிச்சிருக்கு. வயசாகுதுல்ல.”

மாமா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் வந்து, பின்சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி ஓங்கி அமுக்கி விட்டார். வண்டி மேலே வந்தது, கீழே போனது, திரும்ப மேலே வந்தது. மூன்று ஆட்டம் ஆடித்தான் நின்றது. “இது அவ வயசு இல்ல மாப்ள, வண்டிக்கு வயசு. ஷாக்குல ஆயிலே இல்ல” என்றார்.

அப்பா 1999-ல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் அது. அதே 97.2 சிசி எஞ்சின் இன்னும் ஒரே மிதியில் எழுந்துகொள்ளும். ஆயில் மாற்றுவேன், செயினுக்கு எண்ணெய் விடுவேன், பிரேக் கட்டை பார்ப்பேன். பின்பக்க ஷாக் அப்சர்பரை மட்டும் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றாததற்குக் காரணம், அது போனது ஓட்டுகிற எனக்கு உறைக்கவே இல்லை.

டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். நடுவில் இருப்பவர் தூங்கிக்கொண்டு வருவார், கடைசி வரிசை கூரையில் முட்டும். பைக்கும் அதேதான். ஸ்ப்ளெண்டரின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய 1.23 மீட்டர். ஓட்டுகிறவன் அதற்கு நடுவில் இருக்கிறான். பின்சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் எனக்கு வருவது பாதித் தூக்கல். அம்மா உட்கார்ந்திருப்பது பின் அச்சுக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. சக்கரத்துக்கு விழுகிற அடி முழுசாக அவளுக்கு. எனக்காவது கால் ஊன்றி லேசாக எழும்பிக்கொள்ள முடியும், பள்ளம் வருவதும் கண்ணில் படும். ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற அம்மாவுக்கு இரண்டும் கிடையாது. அதோடு இந்தத் தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை. ஆறேழு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும். அத்தனை வருஷமும் அவள் சொன்னது “மெதுவா போப்பா” மட்டும்தான். நான் அதை வேகத்தைப் பற்றிய பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடதுபக்க ஷாக்கில் ஸ்ப்ரிங் முடிகிற இடத்திலிருந்து கீழ்க் கண் வரை, அதாவது ஷாக்கை வண்டியில் மாட்டுகிற வளையம் வரை, கறுப்பாக ஒரு கோடு. ஒழுகிய எண்ணெயில் செம்மண் ஒட்டி, மேலே மேலே படிந்து பொருக்காக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் கேசரி மாதிரிக் கட்டியாக வந்தது. வலதுபக்கம் வறண்டு சுத்தமாக இருந்ததைப் பார்த்து அது நல்லது என்று நினைத்தேன். பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி சிரித்தார். “தம்பி, அதுல ஒழுக ஒண்ணும் மிச்சம் இல்ல. அது முன்னமே போயிருச்சு.”

ஸ்ப்ரிங்தான் ஷாக் அப்சர்பர் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ரிங் எடையைத் தாங்கும், அடியை வாங்கி அப்படியே திருப்பித் தரும். அடியைத் தின்பது உள்ளே இருக்கிற எண்ணெய். ஒரு குழாய், அதற்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளை வழியாகத் திணறித் திணறிப் போகும். அந்தத் திணறலில் ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடும். பிஸ்டனின் தண்டு வெளியே வருகிற இடத்தில், எண்ணெய் ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். தண்டில் துரு ஏறிக் குழி விழுந்தால், ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் அது அந்த சீலை அரம் மாதிரி ராவும். சீல் போனால் எண்ணெய் போகும். பிறகு வெறும் ஸ்ப்ரிங் மட்டும் மிச்சம், ஊஞ்சல்தான். இதில் ஆபத்தும் உண்டு: மேடுபள்ளத்தில் டயர் தரையில் நிலையாக நிற்காது, பிரேக் பிடிக்கிற நேரத்தில் பின்சக்கரம் துள்ளும்.

சர்வீஸ் பண்ண முடியுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். மறை போட்ட மூடி வைத்த ஷாக்கு என்றால் கழற்றி சீலும் எண்ணெயும் மாற்றலாம். என் வண்டியில் இருப்பது வாயை மடித்து அடைத்த வகை. லேத்தில் வெட்டி, எண்ணெய் ஊற்றி, திரும்ப வெல்டு வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். “குழி விழுந்த தண்டு அப்படியேதானே இருக்கும்? புது சீலையும் தின்னுரும்” என்றார். சரியான பேச்சு. ஜோடியாக மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒருபக்கம் அடங்கும், மறுபக்கம் ஆடும், வளைவில் வண்டி முறுக்கும்.

இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன். ஒரு கடையில் சிவப்பு நிறத்தில், பக்கவாட்டில் டப்பா வைத்த ஜோடி 900 ரூபாய்க்குக் கிடைத்தது. டப்பாவில் வாயு அடைத்த கேஸ் ஷாக்கு என்றார்கள். மாட்டியதும் வண்டி மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. சென்டர் ஸ்டாண்டில் போட்டால் பின்டயர் தரையைத் தொட்டது. கழற்றி, மேல் கண்ணின் நடுவிலிருந்து கீழ்க் கண்ணின் நடு வரை டேப் வைத்தேன். பழையதைவிட 12 மில்லிமீட்டர் நீளம். அந்த டப்பாவையும் திறந்து பார்த்தேன். டப்பாவிலிருந்து ஷாக்கின் உடம்புக்குப் போகத் துளையே இல்லை. உள்ளே காற்றுமில்லை எண்ணெயுமில்லை, வெறும் அலங்காரம். அம்மாவை அதில் பஜார் வரை ஒரே ஒரு தடவைதான் ஏற்றினேன். அந்த ஒரு தடவைக்கே எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த தடவை பழைய ஷாக்கையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கேப்ரியல் கம்பெனி ஜோடி, கண்ணுக்குக் கண் நீளம் பழையதன் அளவே, கண்ணுக்குள் இருக்கிற ரப்பர் புஷ்ஷின் உள்துளையும் அதே அளவு. வாங்கும் முன் அங்கேயே ஒரு சோதனை செய்தேன், யாரும் செய்யலாம். துணியை மடித்துத் தரையில் போட்டு, பழைய ஷாக்கை நட்டமாக நிறுத்தி உடம்பின் பாரத்தால் அமுக்கி விட்டால், உள்ளங்கையில் அறைந்துகொண்டு எழும்பியது. புதியதை அமுக்கி விட்டேன். திண்ணையில் இருந்தவர் கையை ஊன்றி எழுந்திரிக்கிற மாதிரி நிதானமாக எழுந்தது. அந்த நிதானத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மாட்டினேன். முந்தின நாளே நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறப்போட்டிருந்தேன். இரண்டு ஷாக்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றும்போது மற்றது, பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடுகிற ஸ்விங் ஆர்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், துளையும் நேராக நிற்கும். கொஞ்சம் விலகினால் டயருக்கு அடியில் ஒரு பலகையைக் கொடுத்து நெம்பினால் போதும். சைலன்சர் பக்கம் கை நுழைய இடமில்லாமல் அரைமணி நேரம் போனது. ஸ்ப்ரிங்கைத் தனியாகப் பிரிக்க ஆசைப்பட வேண்டாம். அமுங்கிக் கிடக்கிற ஸ்ப்ரிங் தெறித்தால் முகத்துக்கு வரும்.

இடதுபக்கம் கழற்றியபோது கீழ்க் கண்ணின் ரப்பர் புஷ் முட்டை மாதிரி நீண்டு தேய்ந்திருந்தது. அந்த இடைவெளியில் நீல நிறத்தில் மெல்லிசாக ஒரு ரப்பர் வளையம். ஹவாய் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டியது. பிளேடு வெட்டு சுத்தமாக இருந்தது. அப்பாவின் வேலை. அந்த நீலச் செருப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஷாக்கு தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது, கையில் காசு இல்லாத ஏதோ ஒரு மாசத்தில் இதைச் செய்திருக்கிறார். வளையத்தைத் துடைத்து ஸ்பேனர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

மாட்டி முடித்ததும் ஸ்ப்ரிங் இறுக்கத்தை சி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் ஒரே படியில், கீழிருந்து இரண்டாவதில் வைத்தேன். அம்மாவின் எடைக்கு அதுவே போதும். செயின் தொய்வையும் பார்த்துச் சரி செய்தேன். நடுவில் விரலால் தள்ளினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆடினால் போதும்.

ஆவணி முதல் ஞாயிறு வத்திராயிருப்புக்குப் போனோம். கிருஷ்ணன்கோவில் திருப்பத்தில் வேகத்தடை வந்தது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. இந்த வருஷம் கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, யார் வீட்டுத் தென்னந்தோப்பு கைமாறியது, சின்ன வயதில் இந்த ரோட்டில் அவள் நடந்து பள்ளிக்கூடம் போன கதை. வண்டியில் அம்மா பேசி நான் கேட்டு வருஷக்கணக்காகிறது. காற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் சும்மா வருகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

200 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு நட்டையும் திரும்ப இறுக்கிப் பார்த்தேன், ஒன்று கால் சுற்று வாங்கியது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லேசாக ஓர் அசைவு இருக்கிறது. அது ஸ்விங் ஆர்ம் புஷ். தீபாவளிக்கு முன் அதையும் கழற்ற வேண்டும்.