முழுக் கசெற்றும் வேண்டும்

ஒக்டோபர் 4

அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த வீட்டு வீடியோ கசெற்றுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றி வைக்க, இறக்கி மேசையில் அடுக்கினேன். அநேகமானவை ஈ-180, மூன்று மணித்தியாலக் கசெற்றுகள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்பது தெரியும். கசெற்றுக்கு எமன் ஈரப்பதன்தான். காந்தத் துகளை நாடாவில் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை இழுத்து இளகிவிடும். பூஞ்சணமும் பிடிக்கும். கசெற்றின் கண்ணாடி வழியே சுருளைப் பார்த்தேன். சிலவற்றில் வெள்ளையாகத் தூள் பூத்திருக்கிறது. அவற்றைச் சிலிக்கா ஜெல் பைகளோடு வேறு பெட்டியில் அடைத்தேன்.

இரவு ரொறன்ரோவிலிருந்து அண்ணா கதைத்தார். "முக்கியமான இடங்களை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில போட்டுவிடு, மிச்சம் எதுக்கு?" என்றார். மிச்சமும் வேண்டும், முதல் விநாடியிலிருந்து நாடா முடியும்வரை எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 7

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விஎச்எஸ் டெக், அதாவது இந்தக் கசெற்றுகளை ஓட்டும் பெட்டி, செய்வதை நிறுத்தியது. அதுதான் கடைசியாகச் செய்துகொண்டிருந்த நிறுவனம். இனி எந்த டெக்கும் பழைய டெக்தான். கொட்டாஞ்சேனையில் டெக் திருத்தும் ஐயா ஒருவரிடம் எஸ்-விஎச்எஸ் என்ற உயர்தர டெக் ஒன்று கிடைத்தது, எஸ்-வீடியோ வெளியீட்டோடு. அது பெரிய வாய்ப்பு. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சமும் நிறமும் பிரித்துத்தான் பதிவாகின்றன. சாதாரண மஞ்சள் வீடியோ வயரில் வந்தால் இரண்டும் திரும்பக் கலக்கும், எஸ்-வீடியோவில் பிரிந்தபடியே வரும்.

நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் விதத்தை ஐயா காட்டித் தந்தார். மான்தோல் துணியில் ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்து, ஹெட் பொருத்திய உருளையான ட்ரம்மில் மெதுவாக ஒற்றிப் பிடித்தார். "துணியை அசைக்காதேங்கோ பிள்ளை. ட்ரம்மைக் கையால சுத்துங்கோ. மேலும் கீழுமாத் தேய்ச்சால் ஹெட் உடைஞ்சுபோம். காது துடைக்கிற பஞ்சு கிட்டவும் வரக்கூடாது, நூல் சிக்கும்." துணியில் கறுப்பாக ஒரு கோடு வந்தது. அடுத்த தடவை வரவில்லை.

ஒக்டோபர் 12

டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் பானசோனிக் டிவிடி ரெக்கோர்டர் ஒன்றை வைத்தேன், ஈஎஸ்10. அது எதையும் பதிவு செய்வதில்லை, சமிக்ஞை அதற்குள்ளால் போய் வரும், அவ்வளவுதான். பழைய நாடாவில் படத்தின் ஒவ்வொரு கோட்டின் நேரமும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளாடும். படத்தில் தூண்கள் வளையும், கணினி சில சட்டகங்களை, அதாவது தனிப் படங்களை, தவறவிடும், பிறகு குரல் ஒரு பக்கம் வாய் ஒரு பக்கம். இந்த மொடல் அந்தத் தள்ளாட்டத்தைப் பெருமளவு நிமிர்த்திவிடுகிறது.

கோப்பு எஃப்எஃப்வி1 என்ற வீடியோ வடிவம், எம்கேவி என்ற கோப்புப் பெட்டிக்குள். இழப்பில்லாத சுருக்கம், அதன் விவரக்குறிப்பு 2021இல் எல்லோருக்கும் திறந்தபடி வெளியிடப்பட்டது. 720க்கு 576 படத்தைச் சுருக்காமல் வைத்தால் மணித்தியாலத்துக்கு 75 ஜிபி போகும், இதில் 30 அளவில் நிற்கிறது. நம் ரீவி முறையான ‘பால்’ முறையில் விநாடிக்கு 25 சட்டகம், ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படம். மூலக் கோப்பில் அவற்றைச் சேர்க்கவே கூடாது. சேர்ப்பது பார்க்கும் பிரதியில் மட்டும், அதுவும் விநாடிக்கு 50 முழுப்படமாக. அப்போதுதான் கை வீசுவது கை வீசுவதாகத் தெரியும்.

ஒக்டோபர் 13

அக்காவின் சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு), 1993. அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தா.

ஆலாத்தி எடுக்கும் இடம் வந்தபோது அம்மா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா. சாப்பாட்டு மண்டபத்தைக் கமரா சுற்றத் தொடங்கியதும்தான் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனா. வெளிச்சக்காரன் விளக்கை நீட்ட, சாப்பிடுகிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நிமிர்கிறார்கள். ஒருவர் கையில் அப்பளம். "இது மானிப்பாய் மாமா. இந்தப் பெடியங்கள் லொட்ஜில நிண்டவங்கள், வெளிநாடு போகக் காத்துக்கொண்டு. கொப்பாதான் சாப்பிட வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர்."

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு லொட்ஜுகளில் மாதக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் ஆல்பத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. இந்தப் பந்தியில்தான் இருக்கிறார்கள். அண்ணா வெட்டச் சொன்னதும் இந்தப் பந்தியைத்தான்.

அம்மா சொல்லச் சொல்ல நேரத்தோடு எழுதினேன்: 1:12:40, இடமிருந்து வலம், பெயர், ஊர், என்ன முறை. கோப்பின் பெயரையே வைத்து, கோப்புக்குப் பக்கத்தில் ஓர் உரைக் கோப்பு. அம்மாவுக்கு எண்பதாகிறது. டெக் பழுதானால் இன்னொன்று தேடலாம், இந்தப் பெயர்களை வேறு யாரிடம் போய்க் கேட்பது?

ஒக்டோபர் 16

பூஞ்சணக் கசெற்றுகள். முகக்கவசம் போட்டு, அடியிலுள்ள ஐந்து திருகாணியைக் கழற்றித் திறந்து, உலர்ந்த தூளைத் தூரிகையால் எடுத்தேன். இவற்றை ஓட்ட வேறொரு மலிவு டெக். நல்ல டெக்கில் போட்டால் அடுத்த கசெற்றுக்கும் தொற்றும்.

ஒக்டோபர் 19

சித்தியின் கலியாணம், கனடாவில் எடுத்தது. அங்கத்தைய ரீவி முறையான என்டிஎஸ்சி, படத்துக்கு 525 கோடு. இங்கத்தைய டெக்குகள் பல அதை ரீவியில் காட்டும், ஆனால் வெளியே விடுவது இரண்டுங்கெட்டான் கலப்புச் சமிக்ஞை. கணினிக்குள் படத்தை எடுக்கும் பதிவுக் கருவி அதை ஒழுங்காக ஏற்காது. கசெற்றைப் பத்திரமாக ரொறன்ரோவுக்கே அனுப்புகிறேன். அங்கே சரியான டெக்கில் ஓடட்டும்.

காலி வீதியில் ஆடிவேல் தேர் போகும் கசெற் ஒன்றும் வந்தது. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 24

ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரியான எஸ்எச்ஏ-256 எண் எடுத்து வைத்தாயிற்று. வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து ஒப்பிட்டால் ஒரு பிட் மாறியிருந்தாலும் பிடிபடும். வன்தட்டு ஒன்று இங்கே, ஒன்று அண்ணாவிடம், இன்னொரு பிரதி மேகச் சேமிப்பில். மூலக் கசெற்றுகளையும் எறியவில்லை, நிமிர்த்தி அடுக்கியிருக்கிறேன்.

அண்ணா பார்க்கும் பிரதியைப் பார்த்துவிட்டு விடியவே கோல் எடுத்தார். 1:14:05இல், நீலச் சேட்டோடு தண்ணி ஊற்றுகிறவர் யார் என்று கேட்டார். தன்னைச் சைக்கிள் பாரில் ஏற்றித் திரிந்தவராம், பெயர் வருகுதில்லையாம். அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த ஒரு சட்டகத்தை எடுத்துப் பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன். உரைக் கோப்பில் அந்த நேரத்துக்கு எதிரே இடம் விட்டிருக்கிறது.