ராலே, மார்ச்

மார்ச் 3, திங்கள்

பழைய சைக்கிளின் செயின் கவரைக் கழற்றியதும் பல்சக்கரம் தெரிந்தது. உள்ளே மூன்று கொக்குத் தலைகள். குட்டி மனிதர்கள் ஐந்து பேர் இருந்தால் ஹம்பர் கம்பெனி, விரிந்த கை இருந்தால் ரட்ஜ் கம்பெனி. இது ராலே. ஆனால் பல்சக்கரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிப் போட்டிருக்கலாம். ஃபிரேமின் கழுத்தில் இருக்கும் பெயர்த் தகடும் அப்படித்தான், கழற்றி மாட்ட ஐந்து நிமிஷம் போதும். தகட்டில் நாட்டிங்ஹாம், இங்கிலாந்து என்று இருக்கிறது. மேற்கு வங்கத்து ஆசன்சோலில் சென்-ராலே கம்பெனி செய்த வண்டிகளும் ராலே பெயரில்தான் ஊரெல்லாம் ஓடின. தகட்டை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் ஏடபிள்யூ, மூன்று ஸ்பீடு கியர் உள்ளேயே இருப்பது. அதன் உடம்பிலேயே தேதி குத்தியிருப்பார்கள்: வருஷத்தின் கடைசி இரண்டு எண், பக்கத்தில் மாதம். முதல் எண் 5, சந்தேகமே இல்லை. இரண்டாவது 3 அல்லது 8.

மார்ச் 4

3-ஆ, 8-ஆ.

மார்ச் 6, வியாழன்

பெடல் தண்டை, அதாவது கிராங்கை, அச்சில் பூட்டும் ஆணிதான் காட்டர் பின். வலது காட்டர் பின் ஒரே அடியில் வந்துவிட்டது. இடது அசையவில்லை.

முறை தெரிந்ததுதான். நட்டை முழுக்கக் கழற்றக் கூடாது. நட்டின் முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தளர்த்தி, அப்படியே விட வேண்டும், மரையைக் காப்பது அந்த நட்டுதான். கிராங்குக்குக் கீழே கனமான இரும்புக் குழாயை சிமெண்ட் தரையில் நிறுத்தி, பின்னின் தலை குழாய்க்குள் இறங்குகிற மாதிரி கிராங்கைக் குழாயின் விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். பிறகு ஒரு கிலோ சுத்தியலால் ஒரே பலமான அடி. பத்து சின்ன அடி அடித்தால் பின் நுனிதான் நசுங்கும். குழாய் இல்லாமல் அடித்தால் அடி முழுக்க பால்ஸ் வழியாக, அவை உருளும் கப்பில் இறங்கிக் குழி விழுந்துவிடும்.

இடது பின்னை யாரோ நட்டு இல்லாமல் அடித்திருக்கிறார்கள். மரை காளான் மாதிரி விரிந்து கிடக்கிறது.

இடது கிராங்க் வராமல் இடது கப் வராது. கப் வராமல் மரையை எண்ண முடியாது. இந்த ஃபிரேம் ராலேதானா என்பதற்கு அந்த மரைதான் எனக்கு வேண்டிய சாட்சி.

மார்ச் 7

மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி. காலையும் இரவும் இடது பின்னில் நாலு சொட்டு.

மார்ச் 9, ஞாயிறு

பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: சுரண்டிவிட்டுப் புதுசாகக் கறுப்பு அடித்துவிடு. மாட்டேன். இந்தக் கறுப்பு சூளையில் வேகவைத்த எனாமல். மட்கார்டில் தங்கக் கோடு இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. சீட் குழாயில் எழுத்து பாதி இருக்கிறது. இதெல்லாம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் குழாய், அதை வைத்து எந்த வருஷத்து வண்டி என்று எவராலும் சொல்ல முடியாது. பெயின்ட் மறுபடி எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், முதல் பெயின்ட் ஒரு தடவைதான்.

குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பு இரண்டு சொட்டு, ஒரு குவளைத் தண்ணீர், பஞ்சு. கோட்டின் மேல் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். தின்னர், பெட்ரோல் இரண்டும் கூடாது, தங்கக் கோடு பஞ்சோடு வந்துவிடும். எதைப் போடுவதானாலும் பெடல் அச்சுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

வலது கிராங்க், பிரேக் கம்பிகள், நட்டுகள் எல்லாம் துரு போக ஆக்சாலிக் அமிலத்தில். பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம், கையுறை கட்டாயம். ராத்திரி போட்டுக் காலையில் எடுத்துவிட வேண்டும், அதிக நேரம் கிடந்தால் மஞ்சளாகப் படியும். எடுத்ததும் சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, உடனே எண்ணெய். அலுமினியச் சாமான் எதையும் இதில் போடக் கூடாது.

சீட் தோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். தடவினால் தோல் தொய்ந்து தூளிதான்.

மார்ச் 10

இடது பின் அசையவில்லை.

மார்ச் 11

அசையவில்லை. ஹப்பை டார்ச் வைத்துப் பார்த்தேன். 8 மாதிரி இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

துளை போட்டேன். பின்னின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்துக் குறி, முதலில் 3 மில்லிமீட்டர், பிறகு 6 மில்லி. பின் 9.5 மில்லி, அதனால் சுற்றிலும் இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் குறைவான சுவர் மிஞ்சியது. கோணல் போனால் கிராங்கின் ஓட்டை கெட்டுவிடும், அதற்காகவே அரை மணி நேரம் மெதுவாகப் போட்டேன். நடுப்பகுதி காலியானதும் பிடி விட்டது. குழாய், பஞ்ச், ஒரு அடி. வந்துவிட்டது.

கப்பைக் கழற்றிக் கழுவி அளந்தேன். பத்து மரைக்கு 9.8 மில்லி! பொதுவாகக் கிடைக்கிற கப் அங்குலத்துக்கு 24 மரை, அது 10.6 வரும். இது 26, ராலேயின் சொந்த மரை. இந்த ஃபிரேம் ராலே என்பதில் தகடு வேஷம் போடவில்லை.

அதே காரணத்தால் இந்தக் கப் கெட்டால் மாற்றுக் கப் தேடுவது பெரும்பாடு. உள்ளே லேசான தடம் இருக்கிறது, குழி இல்லை. பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் 11. பழசில் ஒரு பக்கம் 9 தான் இருந்தது. பால்ஸ் முழுக்கப் புதுசு. புதுசையும் பழசையும் கலந்தால் பெரியது மட்டும் பாரம் தாங்கிக் கப்பைத் தின்னும்.

மார்ச் 15, சனி

முன் ஹப் டைனோஹப், சக்கரம் சுற்றினால் விளக்குக்குக் கரண்ட் தருவது, 6 வோல்ட். திறக்கவில்லை. உள்ளே இருக்கும் காந்த வளையத்தை கம்பிச் சுருளான ஆர்மேச்சரிலிருந்து வெறுமனே உருவினால் காந்தம் செத்துவிடும். இடைவெளியே விடாமல் அதே அளவு இரும்பு வளையத்துக்குள் தள்ளி மாற்றத் தெரிந்தால் மட்டும் திறக்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றினேன், பல்பு எரிந்தது. போதும்.

மார்ச் 16

பின்சக்கர ஹப்பின் எண் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சில் தேய்த்தேன். ராத்திரி 8. காலை வெளிச்சத்தில் 3. எதுவானாலும் அது ஹப்பின் வயசுதான், சக்கரம் மாறியிருந்தால் ஃபிரேமுக்கு அது பேசாது.

மார்ச் 18, செவ்வாய்

பின்சக்கர ஹப்பின் எண்ணெய் மூடி வழியாக என்ஜின் ஆயில் ஒரு டீஸ்பூன். படுக்கப் போட்டு இரு பக்கமும் திருப்பி வைத்ததில் கறுப்பாக ஒழுகி, பிறகு தெளிந்தது. கியரை 2-இல் வைத்து, வலது நட்டின் ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே கியரை மாற்றும் சின்னச் சங்கிலியோடு சேர்ந்த கம்பியின் தோள் அச்சின் நுனியோடு மட்டமாக நிற்க வேண்டும். அது தவறினால் 2-க்கும் 3-க்கும் நடுவில் பெடல் வெறுமனே சுற்றும், நின்று மிதிக்கும்போது விழவேண்டியதுதான்.

மார்ச் 19

புதுக் காட்டர் பின்களின் சாய்ந்த முகத்தை அரம் போட்டேன். மார்க்கர் மை தடவி, நுழைத்து, எடுத்து, மை அழிந்த இடத்தை மட்டும். நாலு தடவையில் முகம் முழுக்க மை சீராக அழிந்தது. இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க, ஒரு நட்டு மேலே, ஒன்று கீழே. நட்டை இறுக்கிப் பின்னை இழுக்கக் கூடாது, மரை போய்விடும். வைஸில் அமுக்கி உட்கார வைத்த பிறகுதான் நட்டு.

மார்ச் 20

சக்கரங்களின் கோட்டம் எடுத்தாயிற்று. முன் 32 கம்பி, பின் 40. டயர் 28க்கு ஒன்றரை, தெருமுனைக் கடையிலேயே கிடைத்தது. வால்டியூப் புதுசு.

நாளை 20 கிலோமீட்டர். திரும்பி வந்ததும் இரண்டு காட்டர் பின்னையும் மறுபடி அடித்து நட்டை இறுக்க வேண்டும், முதலில் இடது.